உங்கள் பிறந்தநாளுக்கு நாங்கள் வராத காரணம்

ஸ்கீவ, டென்மார்க்,
மே 12

பெருமதிப்புக்குரிய குலேந்திரன் அத்தானுக்கு,

உங்கள் தங்கை பரமேஸ்வரியின் கணவன் நவரத்தினராசா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்கள் சுகமாகவும், முக்கியமாக உட்கார்ந்தபடியும் இதை வாசிக்க வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டுகிறேன். இந்த ஊரில் இப்போது தபால்பெட்டியும் இல்லை என்பதால், கொப்பன்ஹேகன் திரும்பும் எங்கள் மகள் தனுசியாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். கொப்பன்ஹேகன் இஷொய் மண்டபத்தில் நடந்த உங்கள் எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் வராததற்குக் காரணம் முழங்கால் ஒப்பரேஷன் அல்ல. என் முழங்காலில் எவரும் கை வைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நானும் பரமேஸ்வரியும் ஜெர்மனியில், வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஓர் ஊரில் இருந்தோம். இறைச்சி ஆலையில் இருபத்திரண்டு வருடம் நின்ற கால்களுக்கு அந்தத் தண்ணீர் நல்லது என்று டொக்டர் சொல்லி, மார்கழியிலேயே அறை பதிந்தாயிற்று. உங்கள் அழைப்பு மாசியில்தான் வந்தது. "அண்ணையிட்டை உள்ளதைச் சொல்லுவம், அவர் விளங்கிக்கொள்ளுவார்" என்றாள் பரமேஸ்வரி. ஆனால் சுடுதண்ணீரில் இருக்கப் போகிறோம், ஆகவே உங்கள் விழாவுக்கு வரமாட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? ஒப்பரேஷன் என்றால் எவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். சொன்னேன். நீங்கள் கோவிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தீர்கள் என்று கேள்விப்பட்டபோது வெட்கமாகப் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை, சுடுதண்ணீர், நல்லெண்ணெய். முதல் இரண்டும் அங்கேயே இருந்தன, மூன்றாவதை நான் சோடாப் போத்தலில் கொண்டுபோயிருந்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, அரைமணி ஊறவிட்டு, அவர்கள் தந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெந்நீர்க் குளத்துக்குப் போனேன். இறங்குமுன் குளிக்க வேண்டும் என்று சுவரில் படம் போட்டிருந்தது, குளிக்கப் போகிறவன் எதற்காகக் குளித்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை, நேரே இறங்கினேன், ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கோழிக்குழம்பு போல வட்டம் வட்டமாக மினுங்கத் தொடங்கியது, பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மா தன் கையை மணந்து பார்த்தார், காவலாளி விசிலடித்து நாற்பது பேரையும் கரையேற்றினான், எல்லோரும் துவாயைச் சுற்றிக்கொண்டு என்னையே பார்க்க, "அண்ணைக்குச் சொன்ன பொய்தான் எண்ணெயா மிதக்குது, பாருங்கோ" என்றாள் பரமேஸ்வரி. கடைசியாகப் படியேறி வந்தவர் உங்கள் சிநேகிதர், ஓல்போர்க் நகரத்துக் குருசுமுத்து. அவர் தலையிலும் என் எண்ணெய்.

"நவரத்தினமண்ணை, உங்களுக்கு ஒப்பரேஷன் எண்டெல்லோ குலேந்திரன் அண்ணை சொன்னவர்?"

"ஓம். உமக்கு லீவு கிடைக்கேல்லை எண்டும் அவர்தான் சொன்னவர்."

பிறகு இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம்.

அத்தான், குருசுமுத்து ஓட்டைவாய். அவர் சொல்லி நீங்கள் அறிவதிலும் நான் சொல்லி அறிவது மேல். ஆவணியில் தனுசியாவின் கலியாணம். தாய்மாமன் நீங்கள் வந்து நிற்காவிட்டால் பரமேஸ்வரி சபை நடுவில் அழுவாள், பிறகு நான் சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டுவாள். அதைவிட, நான் டென்மார்க்கில் வந்து இறங்கிய நாளில் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றித் தந்த மனிதருக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று எனக்கே பொறுக்கவில்லை. என்னை ஏசுங்கள், ஆனால் கலியாணத்துக்கு வாருங்கள்.

நூறாவது பிறந்தநாளையும் நீங்கள் கொண்டாட வேண்டும். அதற்கு எந்த முழங்காலோடும் நான் வருவேன்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
நவரத்தினராசா

பி.கு. (உறையின் பின்பக்கத்தில், ஒட்டிய பிறகு எழுதியது): அத்தான், இப்போதுதான் குருசுமுத்து ரெலிபோன் எடுத்தார். என்னை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு பார்த்ததாக உங்களுக்கு நேற்றே சொன்னாராம். அவர் சொன்னதெல்லாம் சரி. அருமையான மனிதர். கடிதம் வருகிறது என்று தனுசியா உங்களுக்குச் சொல்லிவிட்டதால் கொடுத்துவிடுகிறேன், ஆனால் உள்ளே விசேஷமாக ஒன்றுமில்லை, உறையை உடைக்க வேண்டாம். கலியாணத்துக்குக் கட்டாயம் வாருங்கள். உறையில் எண்ணெய்க் கறை தெரிந்தால், அது முழங்காலுக்குப் பூசும் மருந்து.