இந்த வீட்டை நான் வரையவில்லை

அன்று காலை அக்கா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அக்கா, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாமா, வீட்டைக் கட்டிய மேஸ்திரி, வெளிநாட்டுக் கண்காட்சிக் குழுவின் சார்பில் விசாரிக்க வந்த அம்மாள். கடைசியாக, மூச்சிரைக்க வந்து சேர்ந்த தம்பி. அந்த வீட்டை வரைந்தவன் அவன்தான். வரையவே இல்லை என்று சாதிக்க வந்திருந்தான்.

வேறு வழியில்லை. உலகத்திலேயே பெரிய கட்டிடக்கலைக் கண்காட்சி. வளரும் கலைஞர்களுக்கு அங்கே ஆறு மாத உதவித்தொகை. ஆனால் ஒரு கட்டிடம்கூடக் கட்டியிருக்கக் கூடாது. கட்டினவன் வளர்ந்துவிட்டானாம்! இந்த ஒரு வீட்டால் நான்கு வருடம் விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. முப்பத்தெட்டு வயதில், எவனோ வரைந்த குளியலறைக்கு டைல்ஸ் நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது தடவை படிவத்தில் வீட்டை மறைத்தான். எந்தப் புண்ணியவானோ போட்டுக் கொடுத்துவிட்டான்.

அம்மாள் பேனாவைத் திறந்தாள். "இந்த வீட்டை வடிவமைச்சது யாரு? விண்ணப்பதாரர்தான் சொல்லணும். வேற யாராவது எடுத்துக் கொடுத்தா விண்ணப்பம் தள்ளுபடி."

"டேய், ஒரு நிமிஷம் உள்ள வா," என்றாள் அக்கா.

"நீ சும்மா இருக்கா. மேடம், எல்லாம் மேஸ்திரி கைவண்ணம்."

மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு, நானா? கக்கூஸ்ல உக்காந்தாத்தான் கதவையே சாத்த முடியும். இந்தக் கூத்தை நான் வரைவேனா? இருபத்தாறு வருஷத் தொழில் சார்!" பையிலிருந்து கசங்கிய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். கீழே கையெழுத்து, முத்து முத்தாக.

"இது உங்களோடதுதானே?"

"கையெழுத்து மட்டும்தான் மேடம். யோசனை மாமாவோடது. அவர் சொன்னாரு, நான் வரைஞ்சேன். நான் வெறும் பென்சில்."

மாமா செய்தித்தாளை மடித்தார். "மச்சான், எட்டு வருஷமா அந்த பீம்ல தலையை இடிச்சுக்கறேன். அதையும் நானே கேட்டு வாங்கினேனா?"

"என் வாழ்க்கையே இதுல இருக்கு மாமா," என்று அவர் காதைக் கடித்தான் தம்பி.

மாமா நல்ல மனிதர். அதுதான் வினை. எழுந்து தொண்டையைச் செருமினார். "ஆமாம்மா, நான்தான். வீட்டுக்குள்ள வர்றவன் தலை குனிஞ்சு வரணும்னு ஒரு தத்துவம்."

"மாடியே இல்லாத வீட்டுக்கு மாடிப்படி?"

"அது நம்பிக்கை."

அம்மாள் எழுதிக்கொண்டே போனாள். மாமாவுக்கு உற்சாகம் தலைக்கேறி, கக்கூஸ் கதவையும் விளக்கக் கிளம்பினார்.

"டேய், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"உனக்கு ஒண்ணும் புரியாதுக்கா!"

அம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்டைப் பத்தி உங்க அபிப்பிராயம்?"

நான்கு வருட ஆத்திரம் அவனுக்கு அப்போது பார்த்துத்தான் பொங்கியது. "இது வீடா மேடம்? கோழிக்கூடு! இதை வரைஞ்சவன் கையில மறுபடி பென்சிலே குடுக்கக் கூடாது. இதுல எட்டு வருஷம் குடியிருக்கறவங்களுக்குத்தான் சொரணை வேணாம்?"

அக்கா எழுந்துபோய் வாசற்கதவருகே நின்றுகொண்டாள்.

"எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுத்தான். மாமாவும் கையெழுத்துப் போட்டார். அம்மாள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மேஸ்திரியும் முறைத்துக்கொண்டே கிளம்பினார்.

வாசற்படியில் இறங்கி நின்று, கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டினான் தம்பி. "பாத்தியாக்கா, எப்படி முடிச்சேன்!"

"முடிச்சுட்டடா," என்றாள் அக்கா, கதவைப் பிடித்தபடி. "நீ படிவம் அனுப்பினப்புறம் இந்த வருஷம் விதியை மாத்திட்டாங்க. ஒரு வீடாவது கட்டியிருக்கணுமாம். அதான் நானே எழுதிப் போட்டு அவங்களை வரவழைச்சேன்."

கதவைச் சாத்தினாள். உள்ளே பூட்டு இரண்டு சுற்று சுற்றியது.