கதவுக்குப் பின்னால் நின்ற பூதம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மூட்டுவலியும் சம்பந்தியம்மாளின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மகள், மாப்பிள்ளை, நான் மூவரும் சுகம். என் மந்திரவாதி மட்டும் இறந்துவிட்டார். அல்லது இறக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தங்கள் புத்திரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நண்பர்களோடு ஒரு விளையாட்டு ஆடுகிறார். ஆளுக்கொரு பாத்திரமாகி, கற்பனைக் குகைகளில் புகுந்து, பகடை உருட்டிப் பூதங்களை வெட்டுவது. ஒரு பல் மருத்துவர் வருகிறார். வாரமெல்லாம் "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிப் பிழைக்கிறவர், இங்கே வந்ததும் கோடரி வீரர். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வில்லாளி. நான் கஷ்டப்பட்டுச் சட்டம் படிக்கவைத்த மகள், திருடி. மாப்பிள்ளை நடுவர், பூதங்களும் அவர் பொறுப்பு. வழக்குப் போடுகிறவரே தீர்ப்பும் சொல்வதா என்று முதல் நாளே ஆட்சேபித்தேன், சிரித்தார்கள். ஓர் ஆள் குறைகிறது, "நீங்க இல்லாம முடியாது மாமா" என்று என்னை உட்காரவைத்து மந்திரவாதி வேடத்தைக் கொடுத்தார் மாப்பிள்ளை. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்கள் பகடையைக் கையில் எடுத்தார்கள். நான் விதிப்புத்தகத்தை எடுத்துச் சண்டை அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். வாடகைத் தகராறுத் தீர்ப்பாயத்தில் ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், அதை எழுதியவர் யாரோ, வீட்டுக்காரர்களின் வக்கீலைவிடக் கெட்டிக்காரர். ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலக்கு, விலக்குக்கும் ஒரு விலக்கு. அப்படியிருக்க, குகையில் ஒரு கதவு வந்தது, நான் திறந்தேன், பின்னால் பூதம் நின்றது. "எதிர்பாராத தாக்குதல், மாமா. இந்தச் சுற்றுல நீங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் மாப்பிள்ளை. பூதம் ஒரே அடி அடித்தது. மந்திரவாதி காலி.

விடுவேனா? ஒவ்வொரு கதவிலும் "கவனமாகத் திறக்கிறேன்" என்று நான் அறிவித்திருக்கிறேன், கவனமாக இருப்பவனை எதிர்பாராமல் எப்படித் தாக்க முடியும் என்று கேட்டேன். "சொன்னா போதாது மாமா, பகடை உருட்டணும்" என்றார். வாடகை கொடுக்காதவனையே முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது, என்னை உயிரைவிட்டே வெளியேற்றுவதா என்று கேட்டேன். "பூதம் நோட்டீஸ் ஒட்டிட்டா சார் வரும்?" என்றார் பல் மருத்துவர். "லிஃப்ட்கூட அறுந்து விழறதுக்கு முன்னாடி சொல்லாது சார்" என்றார் மெக்கானிக், அனுபவஸ்தர். சரி, கதவு பூதத்தின் பக்கமாகத் திறந்தால் கதவே எனக்குக் கேடயமாயிற்றே என்றேன். அதைச் சோதிக்க எல்லோரும் சமையலறைக் கதவுக்குப் போனோம், பல் மருத்துவரைப் பூதமாக நிறுத்தி நான் வேகமாகத் திறந்தேன், அவருடைய கட்டைவிரல் கீல் பக்கம் மாட்டிக்கொண்டது. அலறினார். "வலிக்காது" என்றேன். கதையில் ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. அந்த ஆறு வினாடியை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நடத்தினோம். எனக்கு 'ஸ்டே ஆர்டர் மாமா' என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

போன வாரம் மாப்பிள்ளை புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "மாமா, மந்திரவாதி செத்துட்டார். ஒத்துக்கிட்டா வேற ஆளா வாங்க. இல்லன்னா நீங்க இல்லாமலே ஆடிக்கிறோம்." நான் மகளைப் பார்த்தேன். அவள் சொன்னது: "ஒரு தடவை செத்துத்தான் பாருங்களேன்பா, எங்களுக்காக."

பெற்ற பெண் கேட்கிற வரமா இது?

இன்று ஞாயிறு. நான் படுக்கையறையில் இருக்கிறேன். சுவருக்கு அப்பால் பகடை உருள்கிறது, சிரிப்பு கேட்கிறது. நான் இல்லாமல் முடியாது என்றவர்களுக்கு நன்றாகவே முடிகிறது. ஆகவே தாங்கள் புத்திரரை அழைத்து, மந்திரவாதியை உயிர்ப்பிக்கும்படி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் தங்கள் பின்கட்டு அறையை ஒழித்து வையுங்கள், செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்துவிடுகிறேன். இது ஒரு மந்திரவாதியின் பிரச்சினை அல்ல. விதியை எப்போதும் அடி வாங்குகிறவன் பக்கமாகத்தான் படிக்க வேண்டும், அடிக்கிறவன் பக்கமாக அல்ல. என் ஆயுட்காலக் கொள்கை இது. இதைக் கைவிட்டால் மனிதன் எந்தக் கதவையும் நம்பித் திறக்க முடியாது.

தங்கள் வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் காற்றைத் தவிர வேறெதுவும் இல்லாதிருக்கப் பிரார்த்திக்கும்,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்தாள். நடுவரே பூதமாகவும் இருப்பது தவறு என்ற என் ஆட்சேபணையை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டாராம். பூதத்தை இனி நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சண்டை அத்தியாயத்தை நான்காம் முறை, நிதானமாகப் படித்தேன். கவனமாக இருப்பதாகச் சொல்கிறவர்களெல்லாம் கவனமாக இருந்தால் உலகத்தில் தீர்ப்பாயங்களே வேண்டியதில்லை. முன்னறிவிப்புக் கேட்பது காலங்கடத்தும் தந்திரம். பூதம் அடித்தது முறையே. மந்திரவாதி இறந்தது செல்லும். மேலே கண்ட யாவும் தள்ளுபடி. அறையை ஒழிக்க வேண்டாம், தாங்களே இங்கே புறப்பட்டு வாருங்கள். மந்திரவாதியின் நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் இல்லாமல் முடியாது. பெரிய வேலை ஒன்றுமில்லை சம்பந்தி, ஒரு கதவைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.