மாமனாருக்கு நாடி பார்த்த படலம்

ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்ல டாக்டருக்குப் படித்திருக்க வேண்டும் என்பது இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாது. இன்டர்மீடியட்டில் உடற்கூறு பாடத்தைக் கொஞ்சம் புரட்டியிருந்தாலே போதும் என்று நம்பியிருந்தேன். (பரீட்சையில் அந்தப் பாடத்தில்தான் கோட்டை விட்டேன் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, தென்காசியில் சங்கரலிங்கம் பிள்ளை என்ற நிலக்காரரின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். "பையன்கூடக் கொஞ்சம் பழகிப் பாத்துட்டு முடிவு சொல்லுதேன்" என்றார் பிள்ளை. குற்றாலத்தில் சாரல் நேரம். என்னையும் என் தாய்மாமனையும் குளிக்க அழைத்தார். அவருடைய தம்பி சுந்தரமும் கூட வந்திருந்தார். பிள்ளை வீட்டுப் பெண்கள் தனியாக அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் வேறு பேச்சா இல்லை? நான் இதயத்தைப் பற்றிப் பேசினேன்.

"எல்லாரும் அது இடது பக்கம் இருக்குன்னு நெனைக்காங்க. நெஞ்சுக்கு நடுவுலதான் இருக்கு, கொஞ்சம் இடப்பக்கமாச் சாஞ்சு. உள்ளே நாலு அறை. உடம்பைச் சுத்தி வந்த அழுக்கு ரத்தம் வலது பக்கம் வரும். அங்கேருந்து நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி, இடது பக்கம் வந்து, மறுபடியும் உடம்புக்குப் போகும்."

"நாலு அறையா?" என்றார் பிள்ளை. "யாரு குடியிருக்கா?"

கேலி என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. "ரத்தம்தான்" என்றேன், மிகப் பொறுமையாக.

பிள்ளை பேரருவியில் வெகுநேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய், காலடியில் ஈரப் பாறை. வழுக்கி மல்லாந்து விழுந்தவர் கண் திறக்கவில்லை.

"விலகுங்க, நான் பாக்கேன்" என்று எல்லாரையும் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி எங்கே துடிக்கும் என்று புத்தகத்தில் ஒரு படம் உண்டு. படம் ஞாபகம் இருந்தது, எந்தப் பக்கம் என்பதுதான் ஞாபகம் இல்லை. சுண்டுவிரல் பக்கம் அழுத்திப் பார்த்தேன். துடிப்பே இல்லை. கை வேறு சில்லிட்டிருந்தது. (அவ்வளவு நேரம் அருவியில் நின்றவரின் கை சுடவா செய்யும்?) நெஞ்சில் காதை வைத்தேன். பேரருவியின் இரைச்சலில் தவில் வாசித்தாலே கேட்காது. வயிறு ஏறி இறங்கியதை நான் கவனிக்கவில்லை. மூச்சு அடுத்த அத்தியாயம். அதுவரை நான் படித்திருக்கவில்லை.

"இதயம் நின்னுட்டு" என்று அறிவித்தேன்.

தம்பி சுந்தரம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, போயிட்டேளே" என்றார். ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு, "குத்துக்கல்வலசை வயலு எனக்குத்தான்னு அண்ணாச்சி வாயாலயே சொல்லியிருக்காரு. எல்லாருக்கும் தெரியும்லா?" என்றார்.

என் தாய்மாமன் குனிந்து, அருவி இரைச்சலை மீறி என் காதருகே உரக்க, "இனி ஒரு வருஷத்துக்கு இவுங்க வீட்ல கல்யாணப் பேச்சு எடுக்க முடியாதுலே. செங்கோட்டையில இன்னொரு பொண்ணு இருக்கு" என்றார்.

நான் மட்டும் கடமையிலிருந்து வழுவவில்லை. "ரத்த ஓட்டம் நின்னா மொதல்ல மூளைதான் போகும்" என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே இருந்து குரல் வந்தது. "மாப்ளே, நாடி பெருவிரல் பக்கம்லா இருக்கும்."

சேதி கேட்டுப் பெண்கள் ஓடி வந்ததும் அந்தச் சமயம்தான். என் மனைவி என்னை முதன்முதலாகப் பார்த்த கோலம் இது: ஈர வேட்டியோடு, அவளுடைய அப்பாவின் கையைத் தப்பான பக்கம் பிடித்தபடி.

"வா, செங்கோட்டைக்கே போவோம்" என்று மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கும் நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் பிள்ளை எங்களை விடவில்லை. சாப்பாட்டுக்குத் தென்காசி வீட்டுக்கே அழைத்துப்போய், இலை போட்டபின் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"விழுந்த உடனே கண்ணைத் தொறந்திருப்பேன். இந்தப் பய செத்துட்டேன்னு சொன்னதும், யாரு என்ன பேசுதான்னு பாப்போம்னு கெடந்தேன். ஒருத்தன் வயலைப் பேசுதான், ஒருத்தன் வேற சம்பந்தம் பேசுதான். என் நெஞ்சைப் பத்திப் பேசினது இவன் ஒருத்தன்தான். பேசினது பூராவும் தப்பு. இருந்தாலும் பொண்ணை இவனுக்கே குடுக்கேன்."

சுந்தரம் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை. என் மாமனுக்குப் புரையேறியது.

கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னபோது, "பெருவிரல் பக்கமாப் பிடிங்க" என்று யாரோ குரல் கொடுக்க, பந்தலே சிரித்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் காரியமாக என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பல வருஷங்கள் கழித்து மாமனார் நிஜமாகவே காலமானபோது அருகில் இருந்தவன் நான்தான். சரியான பக்கத்தில், திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்து சொன்னேன். யாரும் அழவில்லை.

"யாரு பாத்தது?" என்றார் சுந்தரம்.

"நான்தான்."

"சரி, டாக்டர் வரட்டும்" என்றாள் என் மனைவி, காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தபடி.

டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் அந்த வீட்டில் அழுகை தொடங்கியது.