யாருபாத்தது சுமந்து வந்த குடம்

திருத்தணியில் ஒருத்தனாலும் நிம்மதியாகப் பொய் சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், 'யாருபாத்தது' எங்கள் தெருவில் குடியிருந்த காலம்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது அவனுக்கே மறந்துபோயிருக்கும். யார் எதைச் சொன்னாலும் "யாரு பாத்தது?" என்று கேட்பான். பட்டணத்தில் இன்டர்மீடியட் சேர்ந்து சரித்திரம் எடுத்ததிலிருந்து பிடித்த வியாதி அது. தறி நெய்கிற அவன் நைனாவுக்கோ, மகன் டாக்டராக வேண்டும் என்று ஆசை.

"செத்துப்போன ராஜா கதைய படிச்சி என்னாடா கிழிக்கப்போற?"

"செத்தாருன்னு யாரு சொன்னதுன்னு கேக்கக் கத்துக்குவேன் நைனா."

நைனா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

லீவில் ஊருக்கு வந்தால் சும்மா இருப்பானா? ஜாதகம் கணிக்க வந்த ஜோசியரிடம், "நான் பொறந்த நேரத்த யாரு பாத்தது? அப்ப எங்க வூட்ல கடியாரமே இல்லியே" என்றான். அவர் பஞ்சாங்கத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான், அந்தத் தெருவுக்கே வரவில்லை. மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படி என்று உலகமே சொல்கிறது. இவன் நோட்டோடு எண்ணப் போனான். ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு. திரும்ப ஏறினால் இன்னொரு கணக்கு. வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தான்.

"டேய், மூணு சாட்சியும் நானே! மூணும் சண்ட போட்டுக்கினு நிக்குதுடா!"

தன் தப்பைக் கண்டுபிடித்து அப்படிக் குதித்தவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்டவன் கையில்தான் என் கல்யாணம் வந்து மாட்டியது. ஆர்.கே.பேட்டையில் எனக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. அலமேலுவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணி கட்டி விரதத்தில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து, நான் கனகம்மாசத்திரத்தில் உட்கார்ந்து கறிசோறு வெட்டினேன் என்று ஊரெல்லாம் பேச்சு. முருகன் சத்தியமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை! பெண்ணின் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அஞ்சு பேரு சொல்றாங்க. வெரதத்துல கறி துன்றவனுக்கு எம் பொண்ணு கெடையாது."

தெருவில் நின்று கத்தினேன். "இத்த கெளப்பிவுட்டவன் எவன்னு தெரியட்டும், அவன் தலையில ஒரு கொடம் சாணித்தண்ணி ஊத்தாம வுடமாட்டேன்!"

"கிருத்திக வரைக்கும் டைம் குடுங்க மாமா" என்றான் யாருபாத்தது. "அஞ்சு பேரும் பாத்தாங்களா, காதால கேட்டாங்களான்னு விசாரிச்சிகினு வரேன்."

வீடு வீடாக ஏறினான். நீ கண்ணால பாத்தியா? எவன் சொன்னான்? எந்தக் கிழமை? அப்ப நீ என்னா பண்ணிக்கினு இருந்த? போலீஸ்காரன்கூட அப்படிக் குடையமாட்டான். ராஜ வம்சம் எழுதுகிற மாதிரி நோட்டில் கோடு கோடாக இழுத்துப் பேர் எழுதினான்.

கிருத்திகை அன்று காலை. பெண்ணின் அப்பா, தெரு ஜனம், காவடியோடு நான், எல்லோரும் காத்திருந்தோம். யாருபாத்தது தலையில் ஒரு குடத்தோடு வந்தான். கிட்டே வர வர நாற்றம் தாங்கவில்லை.

"அஞ்சு சாட்சி இல்ல மாமா, ஒரே சாட்சி. ஒருத்தரும் கண்ணால பாக்கல. அஞ்சு பேருக்கும் பூக்கடைக்காரர்தான் சொல்லிக்கீறாரு. அவருக்குச் சொன்னவன்..." குடத்தை என் காலடியில் இறக்கி வைத்தான். "நான்தான்."

கூட்டத்தில் நின்ற பூக்கடைக்காரரைக் கை காட்டினான்.

"சாட்சின்னா என்னான்னு அவருக்கு வெளக்கிக்கினு இருந்தேன். இவன் சத்திரத்துல கறி துன்னான்னு ஒருத்தன் சொன்னா எப்படி நம்புவன்னு ஒரு உதாரணம் சொன்னேன். உதாரணம் போயிடுச்சி, கறி மட்டும் நின்னுடுச்சி."

"ஆங், அப்படித்தான் சொன்னான்" என்று பூக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

பெண்ணின் அப்பா முதலில் முறைத்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, காவடிய எடுங்க!"

பாவி, நோட்டில் இழுத்த கோட்டைப் பூக்கடைக்காரர் பேரோடு நிறுத்தியிருக்கலாம். நானும் நம்பி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். இவன் என் முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

"ம், ஊத்துடா. ஊத்தாம வுடமாட்டேன்னு சொல்லிக்கீற இல்ல?"

நான் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டேன். குடம் உருண்டு இரண்டு பேர் வேட்டியும் நாறிப்போனது. சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டுவிட்டு மலை ஏறினோம். நான் அரோகரா சொல்லிக்கொண்டு முன்னால், அவன் படி எண்ணிக்கொண்டு பின்னால்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். குடத்தையும் தானே சுமந்து வந்தவன் அவன் ஒருத்தன்தான்.