புள்ளி என்றால் வட்டம்தான்

"முக்கோணம்!" என்று சமையலறை ஜன்னலருகே நின்று கத்தினார் ஹில்டிங். "இந்தச் சனியன் முக்கோணமாத் தெரியுது, குன்வோர்!"

குன்வோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பில், காட்டில் பறித்த சின்னச் சிவப்பு லிங்கன் பழங்களின் ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. கணவர் கத்தினால் பொறுக்கலாம், ஜாம் அடிப்பிடித்தால் பொறுக்க முடியாது என்பது அவள் கட்சி.

"எது முக்கோணமாத் தெரியுது?"

"புள்ளி!"

"முக்கோணமா இருந்தா அது எப்படிப் புள்ளி?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்!"

உமியோ நகரத்தில் பல் மருத்துவராக இருக்கும் மகள், அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பிய பரிசு அது. ரெட் டாட் என்று பெயர். விரல் நீளக் குழாய். உள்ளே பார்த்தால் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். துப்பாக்கியில் மாட்டி, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளியை மான்மேல் வைத்துச் சுட வேண்டியதுதான்.

ஹில்டிங்கின் துப்பாக்கியில் இருந்த பழைய தொலைநோக்கி தூரத்து மானுக்குத்தான் லாயக்கு. மூஸ் மான் பக்கத்தில் ஓடிவந்தால் அதில் வெறும் உரோமம்தான் தெரியும். அது மார்பா பின்புறமா என்று யோசித்து முடிப்பதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போய்விடும். போன வருடம் ஒரு பெரிய கடா அப்படித்தான் போனது. அதை நினைத்து அவர் கிறிஸ்துமஸ் வரை சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே பரிசு வந்ததும் மனிதர் துள்ளிக் குதித்தார். பெட்டியையும் அதிலிருந்த தாள்களையும் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பில் போட்டு எரித்தார். சின்ன வயதிலிருந்து துப்பாக்கி பிடிப்பவனுக்குப் படித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

"நீ கொஞ்சம் பாரேன்" என்றார் மனைவியிடம்.

"கையெல்லாம் ஜாம். அதோட உன் வேட்டைச் சாமானை நான் தொடறதா இல்ல. போன வருஷம் உன் கத்தியைக் கழுவி வெச்சதுக்கு, கூர் போச்சுன்னு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே."

"கூர் போனது நெசந்தானே?"

"போய் அல்கோட்கிட்ட கேளு."

அல்கோட் அந்த ஊர் மூஸ் வேட்டைக் குழுவின் தலைவர். செப்டம்பரில் வேட்டை தொடங்கிவிட்டால் அங்கே அரசாங்கம், பாதிரியார், பெண்டாட்டி எல்லாம் பிறகுதான்; தலைவர் நில் என்ற இடத்தில் நிற்க வேண்டும், சுடாதே என்றால் சுடக் கூடாது. அல்கோட்டுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாத விஷயத்திலும் அவருக்கு ஓர் உறுதியான கருத்து இருக்கும். அந்தக் குழுவில் அதுவரை யாரும் ரெட் டாட் வைத்துக்கொண்டதில்லை. அல்கோட்டும் தொட்டதில்லை. ஆனால் அது பற்றி மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஹில்டிங் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து வேட்டைத் தொப்பிக்கு ஆரஞ்சுப் பட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன தெரியுதுன்னு பாரு, அல்கோட்."

அல்கோட் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மடியிலிருந்த தொப்பியை ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டைவிரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"வட்டம்."

"என்னது?"

"வட்டம்னேன். நல்ல உருண்டை. லிங்கன் பழம் மாதிரி."

"யோவ், மூணு மூலை இருக்கு! நான் எண்ணிப் பார்த்தேன்!"

"அதுக்குப் பேரே புள்ளி. புள்ளின்னா வட்டம்தான். வேற எப்படி இருக்கும்?" அல்கோட்டின் குரல் திடீரென்று கடுமையானது. "வயசானா கண்ணு கோணும், ஹில்டிங். கோணின கண்ணுக்குப் புள்ளி நட்சத்திரமாத் தெரியும், வால் முளைச்ச மாதிரி தெரியும். நான் படிச்சிருக்கேன்."

"என் கண்ணா? என் கண்ணா கோணிடுச்சு?"

"கோணின கண்ணோட ஒருத்தனைப் பெரிய பாறையில நிறுத்த முடியாது. ஞாயித்துக்கிழமை சுடுதளத்துல ஓடுற பலகை மான்ல பார்த்துக்கலாம்."

ஹில்டிங்குக்கு ரத்தம் தலைக்கேறியது. பெரிய பாறை! சதுப்பு நிலமும் ஓடையும் சேருமிடத்தில் இருக்கும் அந்தப் பாறைதான் அந்தக் காட்டிலேயே நல்ல இடம். எந்தப் பக்கமிருந்து விரட்டினாலும் மான் அங்கேதான் வந்து தலை நீட்டும். எத்தனையோ வருடமாக அது அவர் இடம். அவர் மச்சினன் சிக்ஸ்டன் அதன்மேல் கண் வைத்திருப்பது குன்வோருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒரு புள்ளி சரியில்லை என்று நியாயம் கேட்கப் போனவனுக்கு, இடமே போய்விடும் போலிருந்தது. இது எந்த ஊர் நியாயம்?

வீட்டுக்கு வந்து குழாயின் கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்தார். முக்கோணம் வானவில் நிறத்தில் தெரிந்தது. துடைத்துத் துடைத்து வானவில்லைப் போக்கினார், முக்கோணம் போகவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"கடையில இருக்குறதிலேயே நல்லதைக் குடுங்கன்னு கேட்டுத்தான் வாங்கினேன்ப்பா" என்றாள் அவள். "கண்ணை ஒருதடவை டெஸ்ட் பண்ணிடேன்."

"நீ பல்லைப் பாரு! கண்ணைப் பத்திப் பேசாதே!"

ஆனாலும் கேரட் தின்றார். காலையில் கேரட், மத்தியானம் கேரட், இரவில் கேரட் துருவலோடு மீன். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், காலையில் காபிக்கு முன்னும் பின்னும் பார்த்தார். கடைசியில் குன்வோர் தையலுக்குப் போடும் கண்ணாடியைத் திருட்டுத்தனமாக மாட்டிக்கொண்டு பார்த்தார். முக்கோணத்தின் மூலைகள் இன்னும் கூர்மையாயின.

ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில் குழு கூடியது. தீ மூட்டி, கரிப்பிடித்த கெண்டியில் காபி கொதிக்க வைத்து, அந்த ஊர் வழக்கப்படி கோப்பைக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே தண்டவாளத்தில் பலகை மான் தயாராக நின்றது. அது ஓடும்போது சுட்டுக் காட்ட வேண்டும்.

ஹில்டிங் நேராக நெருப்பருகே போய்க் குழாயை உயர்த்திப் பிடித்தார்.

"எல்லாரும் பாருங்க! மனசாட்சியோட சொல்லுங்க! இது வட்டமா, முக்கோணமா?"

"தாராளமாப் பாருங்க" என்றார் அல்கோட். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வட்டமாத் தெரியலேன்னா கண்ணு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கண்ணு கெட்டவனுக்கு இந்த வருஷம் துப்பாக்கி கிடையாது. விரட்டுற வரிசைல கத்திக்கிட்டே நடக்க வேண்டியதுதான்."

முதலில் சிக்ஸ்டன் வாங்கினான். கண்ணருகே வைத்தவன் சற்று நேரம் அசையவே இல்லை.

"அத்தான், அருமையான வட்டம்" என்றான். "காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி."

"பொய்!"

"நான் ஏன் பொய் சொல்லணும்?" என்றான் சிக்ஸ்டன். அவன் காபிக் கோப்பை லேசாக ஆடியது. சிரிப்பை அடக்குகிறான் என்று ஹில்டிங் பல்லைக் கடித்தார்.

குழாய் கைமாறிக் கைமாறிப் போனது. வட்டம். வட்டம். உருண்டை வட்டம். ஊரிலேயே சிறந்த வேட்டை நாயை வைத்திருந்த ரக்னில் மட்டும் பார்த்துவிட்டு இருமினாள்.

"வட்டம்தான்" என்றாள். "ஏறக்குறைய."

"ஏறக்குறையன்னா?" என்று அல்கோட் முறைத்தார்.

"வட்டம்! வட்டம்னுதானே சொன்னேன்!"

ஹில்டிங்குக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இத்தனை வருடம் ஒன்றாகக் காடு சுற்றியவர்கள், ஒரே கெண்டியில் காபி குடித்தவர்கள், ஒருவர்கூடத் தன் பக்கம் நிற்கவில்லையே! சரி, கண்தான் போயிருக்கிறது, கை போகவில்லையே என்று குழாயைத் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு போய் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று குன்வோரின் கண்ணாடியையும் போட்டுக்கொண்டார்.

பலகை மான் ஓடத் தொடங்கியது. முக்கோணத்தின் உச்சியை வைப்பதா, நடுவை வைப்பதா, வட்டம் என்று ஊரே சொல்வதால் இல்லாத வட்டத்தின் மையத்தை வைப்பதா என்று ஹில்டிங் யோசித்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்தது. சுட்டார்.

குண்டு மானின் கீழே இருந்த சக்கரத்தில் பட்டது. கிறீச்சென்று ஒரு சத்தம். மான் பாதி வழியில் நின்றது. தள்ளினார்கள், இழுத்தார்கள், சுத்தியலால் தட்டினார்கள். அது நகரவே இல்லை.

"அப்போ இன்னைக்கு மத்தவங்க யாரும் சுட முடியாது" என்றார் அல்கோட்.

வேறு யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். ஆனால் அன்று யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லோரும் ஒரே மூச்சில் இரண்டாவது கோப்பை காபியை ஊற்றிக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மைதான் ஹில்டிங்கை ரொம்பக் குத்தியது. குருடன் என்று முடிவு கட்டி இரக்கப்படுகிறார்கள்!

"பெரிய பாறை சிக்ஸ்டனுக்கு" என்று அறிவித்தார் அல்கோட். "ஹில்டிங் விரட்டுற வரிசைல வருவான். குரல் நல்லா இருக்கு, வீணாகாது."

"நான் பழைய தொலைநோக்கியையே மாட்டிக்கிறேன்!"

"கண்ணு கோணினவன் எதை மாட்டினா என்ன?"

மறுநாள் காலை ஹில்டிங் வாழ்க்கையில் முதல்முறையாக மானம் விட்டு ஒரு பொய் சொன்னார்.

"அல்கோட், கேரட் வேலை செஞ்சிடுச்சு" என்றார் போனில். "இப்ப வட்டமாத் தெரியுது."

"நெசமாவா?" என்றார் அல்கோட். குரல் ஒரு மாதிரி இருந்தது. "எத்தனை கேரட்?"

"எதுக்குக் கேக்குறே?"

"சும்மாத்தான்." உடனே பழைய குரல் திரும்பியது. "நேத்து முக்கோணம், இன்னைக்கு வட்டமா? ஒரு நிலையில நிக்காத கண்ணு இன்னும் ஆபத்து. டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. அதுவரைக்கும் நீ விரட்டுற வரிசைதான்."

உண்மை சொன்னால் குருடன், பொய் சொன்னால் அதைவிடக் குருடன்! ஹில்டிங் போனைப் படாரென்று வைத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரோடும் நிம்மதியாக ஒரு வார்த்தை பேசவில்லை. குன்வோர் "கேரட் இன்னும் இருக்கு" என்றபோதுகூடக் கோபம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை லிக்செல நகரத்துக்குக் காரை விட்டார். ஊர்க்காரர் யார் கண்ணிலும் படக் கூடாது என்று இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண் பரிசோதனைக் கடைக்குள் நுழைந்தார்.

தூவா என்ற இளம்பெண் அவரை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துகளைக் காட்டினாள். ஹில்டிங் மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரியையும் படித்தார். அதற்கும் கீழே ஓரத்தில் எறும்பளவில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

"அடேங்கப்பா!" என்றாள் தூவா. "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்ல. உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்."

ஹில்டிங் மகிழவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஏம்மா, நீ ஒழுங்காப் படிச்சியா? கண்ணு நல்லா இருந்தா வட்டம் எனக்கு ஏன் முக்கோணமாத் தெரியுது?"

தூவாவின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

ஹில்டிங் கோட்டுப் பையிலிருந்து குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் எடுத்து வெளிச்சத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"முக்கோணம்" என்றாள்.

ஹில்டிங்கின் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. "அடப் பாவமே! இந்த வயசுல உனக்கும் கோணிடுச்சா?"

"எனக்கு ஒண்ணும் கோணல. இதை முக்கோணமாத்தான் செஞ்சிருக்காங்க. எங்க அண்ணன்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. புள்ளிக்குப் பதிலா முக்கோணம் வெச்சதும் விக்குறாங்க. உச்சியை மான்மேல வெச்சுச் சுட வேண்டியதுதான்."

ஹில்டிங்கின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"அப்போ குருடன் நான் இல்ல! அந்தக் கூட்டம் மொத்தத்துக்கும்தான் கண்ணு அவிஞ்சு போச்சு! முக்கோணத்தைப் பார்த்து வட்டம் வட்டம்னு ஒருத்தர் விடாமச் சொன்னாங்க! எல்லாரையும் உன்கிட்ட இழுத்துட்டு வர்றேன், இரு! ஒவ்வொருத்தரா உட்கார வெச்சு டெஸ்ட் பண்ணு! எல்லாருக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்பு!"

தூவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"யாரு என்னன்னு பேர் சொல்லக் கூடாது, ஆனா இந்த வாரம் உங்க ஊர்க்காரங்க எல்லாரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் பின்வாசல் வழியா வந்துட்டுப் போயிட்டாங்க, எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கு, அதுல செவ்வாக்கிழமை கடை திறக்குறதுக்கு முன்னாடியே கேரட்டோட வந்து நின்னவரு, 'ஹில்டிங்கோட வட்டம் எனக்கும் முக்கோணமாத் தெரியுது, நான் தலைவன், வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்'னு அழுதே அழுதுட்டாரு."