யானை மார்க் அருணகிரி

அருணகிரி வீட்டில் யானை மார்க்கைத் தவிர வேறு மார்க் நுழைந்ததே கிடையாது. கிணற்று மோட்டார் யானை மார்க். மின்விசிறி யானை மார்க். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, டார்ச் லைட்டு, கொசு அடிக்கிற பேட்டு எல்லாமே தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மகன் பள்ளிக்கூடத்திலிருந்து மார்க் வாங்கி வந்தால்கூட, அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, எறும்பு மார்க்கா இருக்குது?" என்பார்.

ஆயுத பூஜை அன்று பிள்ளையாருக்குப் பொட்டு வைக்கும் முன்னால் மோட்டாருக்கு வைப்பார். கேட்டால், "ரெண்டும் ஒரே முகம்தானே" என்று பதில் வரும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு நாள், ஒடுகத்தூர் தாண்டி மலையடியில் இருக்கும் தன் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி ஒரு சபதம் போட்டார்.

"இந்த வீட்டுக்கு ஏ.டி.வி. வந்தா அது யானை மார்க்காத்தான் வரும். நான் யானை மேல உக்காந்துதான் மேட்டுக் கொல்லைக்குப் போவேன். இது சத்தியம்!"

பக்கத்து வீட்டு பங்கஜம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "ஏம்பா, டீவி மேல எதுக்குப்பா உக்கார்ற? உடைஞ்சிடப் போவுது."

"டீவி இல்லக்கா. ஏ-டி-வி! நாலு சக்கர பைக்கு. பாறை, மணலு, சேறு, எதுல விட்டாலும் ஏறும்."

"அதுல படம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் இன்னாத்துக்கு அது?"

இன்னாத்துக்கு என்றால், மல்லாட்டைக்கு. ஊரே வேர்க்கடலை என்று எழுதும், வாயைத் திறந்தால் மல்லாட்டை என்றுதான் சொல்லும். அருணகிரியின் மல்லாட்டை விளைவது மேட்டுக் கொல்லையில். கொல்லைக்கும் வீட்டுக்கும் நடுவே மணல் நிறைந்த கானாறு. கானாற்றைத் தாண்டினால் பாறைகளுக்கு இடையே ஏறும் ஒற்றையடிப் பாதை. டிராக்டர் கானாறு வரைக்கும் வரும். அங்கேயே நின்று மலையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு மூட்டையும் அவர் மனைவி விஜயகுமாரியின் தலையில்தான் இறங்கி வர வேண்டும். வாரம் பூராவும் ஆம்பூர் ஷூ கம்பெனித் தையல் மிஷின் முன்னால் குனிந்தே கிடக்கும் கழுத்து. ஞாயிற்றுக்கிழமையானால் சும்மாடு வைத்து, மூட்டை வைத்து, நிமிர்ந்தே நிற்கும்.

அருணகிரி தூக்க மாட்டாரா? தூக்குவார். ஆனால் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. மல்லாட்டை பிடுங்குகிற சீசனுக்கு மட்டும் வந்து, மூட்டையெல்லாம் வீடு சேர்ந்ததும் தானாகவே விடைபெற்றுப் போகிற, நல்ல நாணயமான பிடிப்பு.

இந்தக் கழுத்தோடுதான் விஜயகுமாரி, கம்பெனி டூரில் ஏலகிரிக்குப் போனாள். அங்கே ஏ.டி.வி. ஓட்டினாள். வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

"ஏங்க, கல்லுன்னு பாக்கல, பள்ளம்னு பாக்கல. தடதடன்னு ஏறிட்டுதுங்க! என் வயித்துல இருந்த இட்லி எல்லாம் கைதட்டுச்சு. பேரே நல்லா இருக்குதுங்க. ஏ... டி... வி! நீங்க என்னைக் கூப்டற மாதிரியே!"

அருணகிரிக்கு மயிர் சிலிர்த்தது. செல்போனில் படம் போட்டுப் பார்த்தார். ஒரு வண்டி ஆற்றைத் தாண்டியது. ஒரு வண்டி செங்குத்தான மேட்டில் பல்லி மாதிரி ஏறியது. ஒரு வண்டி அந்தரத்தில் பறந்து இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் "யம்மாடி!" என்றார். சோறு ஆறிப்போனது. அடுத்த நாளும் "யம்மாடி!" அதற்கும் அடுத்த நாள் யானை மார்க்கிலேயே ஏ.டி.வி. வருகிறது என்று தெரிந்தது. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சபதம் பிறந்தது இப்படித்தான்.

விஜயகுமாரி வாசலுக்கு வந்தாள். "நான் ஓட்டினது ஆடு மார்க்குங்க. ஒடம்பு கம்மி. நம்ம பாதைக்கு அதான் சரி."

"ஆடா?" அருணகிரி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏண்டி, ஆம்பூர் பக்கம் போன ஆடு எதுவாவது முழுசாத் திரும்பி வந்திருக்குதா? தோலு ஷூவுக்குப் போயிடும், மிச்சம் பிரியாணிக்குப் போயிடும். அதை நம்பி மலை ஏறச் சொல்றியா?"

"மார்க்குல இன்னாங்க இருக்குது? எங்க கம்பெனியில காலையில ஒரு லாட்டுக்கு சிங்கம் வெச்சுத் தைக்கறேன். சாயங்காலம் அடுத்த லாட்டுக்குக் கழுகு வெச்சுத் தைக்கறேன். ஷூ அதே ஷூ. போட்டுக்கறவன்தான் ஒருத்தன் கர்ஜிக்கறான், ஒருத்தன் பறக்கறான்."

"அது கால்ல கெடக்கறது. இது கும்பிடறது!"

"என் கழுத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

"உன் கழுத்துக்காகத்தாண்டி யானை வாங்கறேன்!"

விஜயகுமாரி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சரிங்க. ரெண்டையும் வரவழைச்சு நம்ம பாதையில ஏத்திப் பாப்போம். எது ஏறுதோ அதை வாங்கிக்கலாம். ஆனா முத்திரையை மூடிடணும். யானையைப் பாத்துட்டா உங்க கண்ணுக்கு வேற எதுவும் தெரியாது."

அருணகிரி மீசையைத் தடவினார். "சம்மதம். ஜெயிச்சவங்க வண்டி ஓட்டணும். தோத்தவங்க பின்னாடி மூட்டையோட மூட்டையா உக்காரணும். இன்னா?"

"உங்க வாயாலதான் சொல்றீங்க" என்றாள் விஜயகுமாரி.

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டாளே என்று அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஏனென்றால் அவர் மனசுக்குள் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை, ஆம்பூரில் இரண்டு மார்க்குமே விற்கிற தௌசீப் அகமது வந்து சேர்ந்தார். ஒரு குட்டியானை லோடு வண்டிக்கு ஒன்றாக இரண்டு ஏ.டி.வி.யும் ஏறி வந்திருந்தன. "யானையே குட்டியானை மேல வருது பார்!" என்று அருணகிரி துள்ளினார்.

இறக்கி நிறுத்தியதும் துள்ளல் நின்றது. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. இரண்டும் கன்னங்கரேல். ஒவ்வொரு சக்கரமும் உரல் பருமன். தெருநாய் ஒன்று குரைக்க வந்து, யோசித்து, வாலை ஆட்டிவிட்டுப் போனது. பங்கஜம்கூட, "படம் தெரியலன்னாலும் பரவாயில்லப்பா" என்றாள்.

"பாய், ரெண்டுல எது யானை?" என்று அருணகிரி கிசுகிசுத்தார்.

"அண்ணே, தங்கச்சி வண்டி வாயைத் தெச்சுட்டாங்க. கடைக்கே வந்து மூடியெல்லாம் மாட்டிட்டாங்க. நான் சொன்னா அடுத்தது என்னையே தெச்சுடுவாங்க."

வண்டிகளின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முத்திரை இருக்கும். அதன் மேல் விஜயகுமாரி தோல் மூடி தைத்துப் போட்டிருந்தாள். ஓரமெல்லாம் கெட்டித் தையல். ஒரே ஒரு மூலையில் மட்டும் இழுத்தால் பிரிகிற ஒட்டுப்பட்டை. கம்பெனிக் கைகள் அப்படி ஒரு மூலையைச் சும்மா விடுமா என்று அருணகிரி இங்கேயும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"பாய், உள்ள வாங்க, டீ போடறேன்" என்று விஜயகுமாரி கூப்பிட்டாள். தௌசீப் போனார். அருணகிரி போகவில்லை. "நான் இங்கயே காத்தாட நிக்கறேன்."

முதல் வண்டியின் மூடி மூலையைப் பிரித்தார். கர்ர்ர் என்றது. உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளவென்று இரண்டு கொம்பு. ஆடு. 'சீ' என்று மூடினார். இரண்டாவது மூலையைப் பிரித்தார். தும்பிக்கை! விசிறிக் காது! அதே செல்லக் கண்! அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூஜை அறைக்கு ஓடினார், சந்தனத்தை விரலில் தோய்த்து வந்தார், அந்த வண்டியின் பின் சக்கரத்து மேல்தகட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டு வைத்தார். மூடியை மூடினார். வானத்தைப் பார்த்துச் சீட்டியடித்தார்.

கானாற்றங்கரையில் நாலு பேரும் நின்றார்கள். வண்டிக்கு ஒரு மல்லாட்டை மூட்டை பின்னால் கட்டியாயிற்று. தௌசீப் சந்தனப் பொட்டு வண்டியில் ஏறினார்.

உறுமியது. மணல் பூவாணம் மாதிரி சிதறியது. அடுத்த மூச்சில் அது கானாற்றைத் தாண்டியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிப் பிறவி மாதிரி காலை எடுத்து எடுத்து வைத்தது. இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே, டிராக்டர் எட்டிப் பார்க்கவும் பயப்படுகிற இடுக்கில், நைசாக நுழைந்து வெளியே வந்தது. மூட்டை அசையவில்லை. மேட்டுக் கொல்லையின் உச்சியில் போய் நின்று, வானத்தின் மேல் ஒட்டிய கருப்புப் பொட்டாகத் தெரிந்தது.

எத்தனை வருஷமாக விஜயகுமாரியின் கால் தேய்ந்த பாதை அது! பங்கஜம் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். அருணகிரி தொடையைத் தட்டினார்.

"கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்!" என்று கத்தினார். "இதாண்டி யானை! சத்தமா அது? பிளிறல்! நடையா அது? கஜ நடை!"

தௌசீப் இறங்கி வந்து அந்த வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அடுத்த வண்டியைக் கிளப்பினார். மணலைத் தாண்டியது. கம்பீரமாகவே ஏறியது. அந்த இரண்டு பாறைகளின் இடுக்குக்கு வந்ததும் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி முட்டியது. உடம்பு பெரிசு, வழி சின்னது. அதற்கு மேல் அதைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அருணகிரி சொன்னார்.

"பாத்தியா உன் ஆட்டை! மே...ன்னு நிக்குது பார்! தூக்கிட்டுப் போய் பிரியாணி போடுங்கப்பா! த்தூ! இதைப் போய் வண்டின்னு செஞ்சான் பாரு ஒருத்தன்!"

"அப்போ முதல்ல ஏறினதையே வாங்கிக்கலாமா?" என்று விஜயகுமாரி கேட்டாள்.

"அதையேதான்!"

"அப்புறம் மாத்த மாட்டீங்களே? பேஜார் பண்ண மாட்டீங்களே?"

"அருணகிரி சொன்னா சொன்னதுதான். பாய், அதை எனக்கே வெச்சிடு!"

தௌசீப் முட்டிய வண்டியோடு திரும்பி வந்து, சந்தனப் பொட்டு வண்டியை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். விஜயகுமாரி மூடியைக் கழற்றினாள். வெள்ளி யானை மினுமினுத்தது. அருணகிரி நெஞ்சை நிமிர்த்தினார். அவள் யானையின் வாலோரம் நகத்தைக் கொடுத்து, பஜ்ஜி மேலிருந்து எண்ணெய்க் காகிதத்தை உரிப்பது போல லேசாக உரித்தாள். யானை கையோடு வந்துவிட்டது. அடியில், அசல் இரும்பில், கொம்பு வைத்த ஆடு ஒன்று அருணகிரியைப் பார்த்துச் சிரித்தது.

"அய்யய்யோ!" என்று அலறினார் அருணகிரி. "இது அக்கிரமம்! காலையில நான் பாக்கும்போது யானைதானே இருந்துச்சு!"

பங்கஜம்தான் முதலில் கேட்டாள். "காலையில நீ எப்பப்பா பாத்த?"

அருணகிரி வானத்தைப் பார்த்தார். சீட்டி வரவில்லை.

தௌசீப் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை, வண்டியின் மேல் சாய்ந்து குலுங்கினார். அந்தக் குலுக்கலில் வண்டியும் சிரித்தது போலத்தான் இருந்தது.

"நான் பாப்பேன்னு உனக்கு எப்படிடி தெரியும்?" என்றார் அருணகிரி, தரையைப் பார்த்து.

"ஏங்க, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் மூடி வெச்ச எந்தப் பாத்திரத்தையாவது நீங்க தொறந்து பாக்காம விட்டிருக்கீங்களா?"

அவள் இன்னொரு வண்டியின் ஆட்டையும் உரித்துக் காட்டினாள்; அடியில் அசல் யானை இருந்தது. அருணகிரி யானைத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெள்ளித் தோல். மயிரிழை மாதிரி நூல். காதின் மடிப்பு, தும்பிக்கையின் சுருக்கம், நகம் நகமாகப் பாதம். கண்ணுக்குள் ஒரு கண்மணிகூடத் தைத்திருந்தாள். இதைத்தான் காலையில் கும்பிட்டார். இதற்குத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷமாக யானையைக் கும்பிட்டவர், முதல்முறையாக யானையைச் செய்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யம்மாடி!" என்றார்.

அடுத்த மல்லாட்டை சீசன் வந்தது. இடுப்புப் பிடிப்பும் வந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

விஜயகுமாரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். கழுத்து நேராக இருந்தது. அருணகிரி பின்பக்கத்து இரும்புக் கம்பித் தட்டில் ஏறினார். கம்பி குத்தியது. "ஸ்ஸ்" என்றார்.

"ஒரு நிமிஷங்க" என்று அவள் இறங்கிப் போய், தன் பழைய சும்மாட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இனி அது தலைக்கு வேண்டியதில்லை. தோல் வைத்து, தட்டையாக, மெத்தென்று தைத்திருந்தாள். "போட்டு உக்காருங்க. நீங்க தெருவே கேக்க சத்தியம் பண்ணினீங்க. அது பொய்யாவக் கூடாது பாருங்க."

அருணகிரி பார்த்தார். போட்டு உட்கார்ந்தார். வண்டி உறுமிக் கிளம்பியது.

பங்கஜம் வேலியோரம் நின்று கையாட்டினாள். "இன்னாப்பா, யானை மேலதான் போவேன்னியே! யானை எங்க?"

அருணகிரி லேசாக ஒரு பக்கம் எழும்பிக் காட்டினார். அடியில், சும்மாட்டின் மேல், அந்த வெள்ளித் தும்பிக்கை மினுமினுத்தது.