அமனோஹாஷிதாதேயில் பெய்த மழைக்கு நான் பொறுப்பல்ல

ஃபுகுச்சியாமா,
அக்டோபர் இரண்டாம் வாரம்

எங்கள் மூவரில் மூத்தவரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும், கியோத்தோவில் பூனையோடு தனிக்குடித்தனம் நடத்துபவருமாகிய மதிப்பிற்குரிய கினுயோ அக்கா அவர்களுக்கு, தம்பி யசுஹிகோ இடுப்பு வளைய வணங்கி எழுதிக்கொள்வது.

தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும் பூனை முரண்டு பிடிக்காமல் சாப்பிடுகிறது என்றும் நம்புகிறேன். இங்கே நானும் ஃபுமியேவும் இருக்கவேண்டியபடி இருக்கிறோம். முறைப்படி பார்த்தால் கடிதத்தின் தொடக்கத்தில் வானிலையைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுத வேண்டும். இலை சிவந்தது, காற்று குளிர்ந்தது என்று அப்பா காலத்திலிருந்து எழுதிவருகிறோம். இந்தக் கடிதத்தில் வானிலையைப் பற்றி நான் வாயே திறப்பதாக இல்லை. என்ன எழுதினாலும் அதை எனக்கு எதிராகவே எடுத்துக்கொள்வீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தொலைபேசியில் தாங்கள் பயணத் திட்டத்தைச் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்களுக்கு எழுபத்தேழு நிறைகிறது, அந்த வயதை நம்மவர்கள் யாரும் கொண்டாடாமல் விடுவதில்லை, ஆகவே மாதக் கடைசியில் தாங்கோ கடற்கரைக்கு ஓர் இரவுப் பயணம், காலை விரைவு ரயில், வழியில் தம்பி கென்ஸோ ஏறிக்கொள்வான், ஃபுமியே ஏறிக்கொள்வாள், மதியம் கடல் சிப்பி போட்ட மட்டிச் சோறு, அப்புறம் நாற்காலி லிஃப்டில் மலையேறி அமனோஹாஷிதாதே மணல்திட்டைப் பார்ப்பது, ராத்திரி விடுதி, மறுநாள் இனே வளைகுடாவில் படகு என்று பள்ளிச் சுற்றுலா அறிவிப்பு மாதிரி அடுக்கிக்கொண்டே போனீர்கள். நானும் சரி அக்கா, ஆகட்டும் அக்கா என்று தலையாட்டியபடி என் பெயர் எங்கே வருகிறது என்று காத்திருந்தேன். கடைசியில் வந்தது.

"யசு, நீ அந்த ரெண்டு நாளும் என் வீட்ல வந்து இரு. பூனைக்கு ஆள் வேணும். நீ கூட வந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

என் மனைவி ஃபுமியேவை அழைத்துப் போகிறீர்கள், என்னைப் பூனையோடு விட்டுவிட்டுப் போகிறீர்கள். நான் வாய் திறப்பதற்குள் தாங்கள் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மழைக்காரன் இருப்பான், அவன் வாசல் தாண்டினால் மேகம் கூடவே வரும் என்று ஊரே நம்புகிறது, நானும் மறுக்கவில்லை. நம் குடும்பத்தில் அது நான்தான் என்று யார், எப்போது, யாரைக் கேட்டு முடிவு செய்தது? தாங்கள்தான். தங்களை வெயில்காரி என்று சொல்லிக்கொள்வதும் தாங்களேதான். இந்த இரண்டு பட்டத்தையும் வேறு யாரும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

நடந்ததை நான் மறைக்கப்போவதில்லை. தாங்கள் ஓய்வுபெற்ற வருடம் முதல்முறை அங்கே போனோம். லிஃப்டில் ஏறும்வரை எல்லாம் சரி, மேலே கால் வைத்ததும் கீழே கடலும் இல்லை, மணல்திட்டும் இல்லை, அதன்மேல் வரிசைகட்டி நிற்கிற பைன் மரங்களும் இல்லை, பால் பாத்திரத்துக்குள் விழுந்தமாதிரி ஒரே மூடுபனி. வந்தது வந்தாயிற்று என்று தாங்கள் மேடையில் முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தீர்கள். அப்படித் தலைகீழாகப் பார்த்தால் அந்த மணல்திட்டு வானத்துக்குப் போகிற பாலமாகத் தெரியும் என்றுதானே நாடெங்கிலுமிருந்து வந்து குனிகிறார்கள். தங்களுக்குத் தெரிந்தது தங்கள் செருப்பு. நிமிர்ந்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில்தான் நான் மழைக்காரன் ஆனேன். இரண்டாம்முறை இனேயில் படகு கிளம்பியதும் கொட்டித் தீர்த்தது, கடல்புறாக்களுக்கு வாங்கிய இறால் வறுவல் கூழாகிவிட்டது, அந்தக் கோபத்தில் ஒரு புறா கென்ஸோவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு போனது, அதற்கும் நான்தான் காரணம் என்றீர்கள். மூன்றாம்முறை மணல்திட்டில் மிதிவண்டி ஓட்டலாம் என்று போய், இடி இடித்து, கோயில் வாசல் கடையில் ஒண்டிக்கொண்டோம். சாப்பிட்டால் அறிவு வளரும் என்று அங்கே விற்கிற அரிசி உருண்டையைத் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளினோம். வீட்டுக்குத் திரும்பலாம் என்கிற அறிவு மட்டும் சாயங்காலம்வரை நம்மில் ஒருவருக்கும் வரவில்லை.

தங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. இந்த முறை விட்டால் இனி முழங்கால் அந்த மலைக்குச் சம்மதிக்காது, ஒரேயொரு தடவை அந்தப் பாலத்தைப் பளிச்சென்று பார்த்துவிட்டால் போதும் என்று சொன்னீர்கள். என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அதைப் பார்க்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். பூனையின் பக்கத்தில் அல்ல.

ஆகவே பழியைத் துடைக்க என்னாலானதைச் செய்தேன். முதலில், நீங்களெல்லாம் போன பிறகு அடுத்த ரயிலில் வருகிறேன், பார்த்து முடிக்கும்வரை கீழே ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று ஃபுமியேவிடம் யோசனை சொன்னேன். மழைக்கு ரயில் டைம்டேபிள் தெரியுமா என்று கேட்டாள். சரி என்று என் பழைய பனியன்களைக் கிழித்துப் பந்து பந்தாகக் கட்டி, மழையை விரட்டும் வெயில் பொம்மைகள் செய்து, வாசல் கூரை ஓரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டேன். பார்த்த பக்கத்து வீட்டு ஒகுமுரா, பேரனுக்கு விளையாட்டு விழாவா என்று கேட்டார். எழுபதைத் தாண்டிய மனிதன் தனக்காகப் பொம்மை கட்டியிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது, ஆமாம் என்றேன். சாயங்காலமே பேரன் ஓட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பெட்டி இனிப்போடு வந்துவிட்டார். எங்களுக்குப் பேரனே கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். இல்லாத பேரன் எத்தனையாவதாக வந்தான் என்று அவர் இன்றுவரை விசாரிக்கிறார், மூன்றாவது என்று சொல்லிவைத்திருக்கிறேன். இதற்கிடையில் காற்றில் ஒரு பொம்மை கயிறு சுற்றித் தலைகீழாகத் தொங்கிவிட்டது. பொம்மை தலைகீழாகத் தொங்கினால் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இதை வானிலைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. நனைந்த மூன்று பயணத்திலும் நான் தனியாக இல்லையே, கென்ஸோவும் இருந்தானே. பிறகு ஏன் நான் மட்டும்? கென்ஸோவைக் கூப்பிட்டு, தூண்டிலை எடுத்துக்கொண்டு அமனோஹாஷிதாதேக்குப் பக்கத்து மியாஸு துறைமுகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வா என்றேன். அவனைத்தான் தெரியுமே, எதற்கு என்று கேட்காமல் போனான். மதியம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணா, வானம் கழுவிவெச்ச மாதிரி இருக்கு. மூக்குத்தோல் உரிஞ்சுபோச்சு. மீன் ஒண்ணும் சிக்கல. நான் இங்க எதுக்கு வந்தேன்?"

கென்ஸோ குற்றவாளி இல்லை. மறுநாள், பல் வைத்தியரைப் பார்த்துவருகிறேன் என்று ஃபுமியேவிடம் சொல்லிவிட்டு நானே ரயிலேறினேன். லிஃப்டில் ஏறி உட்கார்ந்தேன். மேலே போய் இறங்கினேன். வெயில் அக்கா, வெயில். ஒரு பொட்டு மேகம் கிடையாது. பக்கத்தில் ஒரு கிழத்தம்பதி குனிந்து பார்த்து, தெரிகிறது தெரிகிறது என்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் குனியவில்லை. அது தங்களோடு சேர்ந்து பார்க்கவேண்டியது என்று முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, லிஃப்ட்காரரிடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, அருமை என்று அவர் வாயால் சொல்லவைத்து, சாட்சியை உறுதிசெய்துகொண்டு இறங்கினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபுமியே என் சிவந்த கழுத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, பல் டாக்டர் உங்கள மொட்டை மாடியில உக்காரவெச்சா பல்லு பாத்தாரு?"

எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அவள் கோபப்படவில்லை. போன வருடம் மாதர் சங்கத்தோடு தானும் இனே போனதாகவும், அன்று வெயில் தாங்காமல் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்ததாகவும் சொன்னாள். அப்போது கென்ஸோவும் வீட்டில் இருந்தான், மூக்கில் களிம்போடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் போனால் வெயில், அவன் போனால் வெயில், அவள் போனால் வெயில். ஃபுமியே மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மிச்சம் யாரு?"

மூன்று பேரும் கியோத்தோ இருக்கிற திசையில் ஒரு தடவை பார்த்தோம். கென்ஸோ, சத்தம் வந்தால் தங்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான்.

அக்கா, அம்மாவுக்கு அடுத்து என்னைத் தூக்கி வளர்த்தவர் தாங்கள். எனக்கு ஷூ கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தவர் தாங்கள். ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. என் கல்யாணத்தன்று இடி விழுந்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறீர்களே, அந்தக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தது யார்? கென்ஸோ வீடு குடிபோன அன்று வாசலில் ஓடம் விடலாம்போல இருந்ததே, அன்று அரிசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது யார்? நீங்கள் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் விளையாட்டு விழா தள்ளிவைக்கப்படாத வருடம் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். பிள்ளைகள் உங்களுக்குப் பின்னால் என்ன பெயர் சொன்னார்கள் என்று உங்களிடம் படித்த ஒருவரே ஸ்டேஷனில் எனக்குச் சொன்னார். நான் ஒருபோதும் வெளியே விடமாட்டேன். தவளை டீச்சர்.

எனவே குடும்பத்தின் நன்மையைக் கருதி, மிகுந்த மரியாதையுடன், கனத்த மனதுடன், ஆனால் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். மாதக் கடைசியில் தாங்கள் கியோத்தோவிலேயே ஓய்வெடுங்கள். தங்கள் எழுபத்தேழாம் நிறைவை முன்னிட்டு, தங்கள் சார்பில் நாங்கள் மூவரும் போய் ஒழுங்காகக் குனிந்து பார்த்துவிட்டு, மலையிலிருந்தே தொலைபேசியில் விவரம் சொல்கிறோம். பூனைக்கு ஆள் தேடவேண்டிய தொல்லையும் தீர்ந்தது.

தாங்கள் நூறைத் தாண்டி, பல் விழாமல், கோபம் குறையாமல் எங்களை அதட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஃபுமியேவின் வணக்கங்கள். கென்ஸோ தன் வணக்கத்தை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம், எழுதும்போது தான் இங்கே இல்லவே இல்லை என்று சொல்லச் சொன்னான்.

பணிவுள்ள தம்பி,
யசுஹிகோ

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடும் முன் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று நாங்கள் மூவரும் நேற்றுப் போய்வந்தோம். வானம் எங்கள் கட்சிதான். மூவரும் வரிசையாக நின்று குனிந்தோம். பாலம் முழுசாகத் தெரிந்தது, மரம் மரமாக எண்ணலாம்போல. கென்ஸோ நிமிர்ந்து, "தெரியுதுண்ணா" என்றான். கொஞ்சநேரம் கழித்து, "இப்ப என்ன பண்றது?" என்றான். முட்டியை மடக்காதே, வாயைப் பிளக்காதே, பின்னால் ஆள் காத்திருக்கிறது நகரு என்று சொல்ல ஆளில்லை. மட்டிச் சோறு சாப்பிட்டோம், ருசியாக இருந்தது என்று மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டோம். நினைத்ததற்கு முந்திய ரயிலிலேயே திரும்பிவிட்டோம். அன்றைக்குத் தொப்பி பறிபோனபோது சிரித்த சிரிப்பில் ஒரு கைப்பிடி அளவுகூட நேற்று யாருக்கும் வரவில்லை.

ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள். தவளை டீச்சரை மட்டும் அடிக்க வேண்டாம், அது சரித்திரம். வரும்போது விடுதியில் விசாரித்து நான்கு பேருக்கு இடம் பிடித்துவிட்டேன். பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து சேருங்கள். கடல் பார்த்த அறைதான் நல்லது என்று விடுதிக்கார அம்மா எவ்வளவோ சொன்னார், வேண்டவே வேண்டாம், எங்கள் அக்கா வருகிறார் என்று பின்பக்க அறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மூடுபனி வந்தால் வரட்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நேற்று நன்றாகப் பார்த்துவைத்துவிட்டேன். நீங்கள் குனிந்து நில்லுங்கள், நானும் பக்கத்தில் குனிந்துகொண்டு ஒவ்வொரு மரமாகச் சொல்கிறேன். இரண்டு பேரையும் கென்ஸோ நிமிர்த்திவிடுவான்.